அறிவை அழைக்கும் அரசுப் பணி

உரைநடை உலகம்

நுழையும்முன்

கல்லூரியை விட்டு வெளிவரும் இளையோர் முன் பல பாதைகள் விரிகின்றன. அவற்றுள் ஒன்று அரசுப் பணி. அது நிலையான வருவாய்க்கான வழி மட்டும்தானா? மக்கள் வாழ்வை மாற்றும் களமாகவும் அமையுமா? நாட்டின் சிறந்த அறிவாற்றலை அப்பணியின்பால் ஈர்க்க அரசு என்ன செய்தல் வேண்டும்? அப்பணியை நாடுவோர் தம்மிடம் எதனை வளர்த்துக்கொள்ளல் வேண்டும்? திருவண்ணாமலையின் மலையடிவாரத்தில் நின்று இவ்வினாக்களை எண்ணிப் பார்ப்போம்.

முழுநிலா இரவில்

முழுநிலா நாளின் மாலைப்பொழுது. திருவண்ணாமலையின் செங்கம் சாலையில் ரமணாசிரமம் அமைந்துள்ள பகுதி மக்கள் வெள்ளத்தால் நிறைகிறது. மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் முதியோர், இளையோர், கைக்குழந்தையை ஏந்திய தாயர் என இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். கார்த்திகைத் தீபத் திருநாளில் இக்கூட்டம் பன்மடங்காகிறது. விடிவதற்குள் அவர்களுள் பெரும்பாலோர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பிவிடுகின்றனர்.

நடப்பவர் கண்ணுக்கு மலை தெரிகிறது, நிலவு தெரிகிறது. அவர்தம் நடை இடையூறின்றி அமைவதற்குப் பின்னால் உள்ள உழைப்பு தெரிவதில்லை. குடிநீர்த் தொட்டி வற்றாமல் பார்ப்பவர் யார்? சிறப்புப் பேருந்துகள் எங்கிருந்து, எத்தனை, எந்நேரத்தில் புறப்பட வேண்டும் எனக் கணக்கிடுபவர் யார்? மயங்கி விழுந்த முதியவரை மருத்துவ ஊர்தி அடைவதற்கு எவ்வழியைத் திறந்து வைக்க வேண்டும் என முன்கூட்டியே எண்ணியவர் யார்? கூட்டம் கலைந்தபின் மலைபோல் குவியும் குப்பையை அகற்றுபவர் யார்? ஒவ்வொரு வினாவுக்கும் விடையாக ஓர் அரசு அலுவலரும் அவரோடு உழைக்கும் பணியாளர் குழுவும் இருக்கின்றனர். அவர்தம் பணி செம்மையாக நடந்தால் எவரும் அவர்களை நினைப்பதில்லை. சிறிது பிழைத்தாலோ உயிர்கள் இழப்புக்குள்ளாகும்.

அதே மலை மற்றொரு பாடத்தையும் கற்பித்துள்ளது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலால் பெய்த பெருமழையின்போது, திருவண்ணாமலை மலைச்சரிவில் உள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மேல் விழுந்தன. சிறுவர்கள் உட்பட ஏழுபேர் உயிரிழந்தனர். எந்தச் சரிவு ஆபத்தானது? எங்கே மக்கள் குடியிருக்கலாம்? அங்கே ஏற்கெனவே வாழும் ஏழை மக்களுக்கு மாற்றிடம் எது? இவ்வினாக்களுக்கு விடை காண மண்ணியல் அறிந்தவர் வேண்டும். நீரியல் அறிந்தவர் வேண்டும். சட்டம் கற்றவர் வேண்டும். இவை அனைத்துக்கும் மேலாக, அம்மக்களின் மொழியில் அவர்களோடு அமர்ந்து பேசத் தெரிந்தவர் வேண்டும். அத்தகைய கல்வியும் உள்ளமும் வாய்ந்த பட்டதாரிகள் அரசுப் பணிக்கு வருகிறார்களா என்பது, ஆதலால், வேலைவாய்ப்புச் சிக்கல் மட்டுமன்று. மக்களின் உயிர்காக்கும் சிக்கலுமாகும்.

மலைக்கு வந்த இரு அலுவலர்

ஆற்றல்மிக்கோர் அரசுப் பணிக்கு வருதல், அதனின்று விலகுதல் ஆகிய இரண்டுக்கும் இம்மலைப் பகுதியின் வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன.

1902ஆம் ஆண்டு, தென்னார்க்காடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் வருவாய்த் துறையில் பணியாற்றிய மா. சிவப்பிரகாசம் பிள்ளை அலுவல் காரணமாகத் திருவண்ணாமலைக்கு வந்தார். அவர் தத்துவம் பயின்ற பட்டதாரி. பட்டதாரிகள் அரியராயிருந்த காலம் அது. மலையில் உள்ள விரூபாட்சக் குகையில் அப்போது பேசாதிருந்த இளந்துறவி ரமணரைக் கண்டு, தம் உள்ளத்தில் நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்த ‘நான் யார்?’ என்னும் வினாவை எழுப்பினார். ரமணர் எழுத்தால் விடையளித்தார். அவ்வினா விடைகள் பின்னர் 1923இல் நூலாக வெளிவந்தன. சிவப்பிரகாசம் பிள்ளை 1910இல் அரசுப் பணியிலிருந்து விலகினார்.

1911இல் வேலூருக்குக் காவல்துறை அலுவலராக வந்த ஆங்கிலேய இளைஞர் ஹம்ஃப்ரீஸ் என்பவரும் இம்மலைக்கு வந்து ரமணரைக் கண்டார். உலகுக்குத் தம்மால் உதவ இயலுமா என்பதே அவர் கேட்ட வினாக்களுள் ஒன்று. அவரும் பின்னர்ப் பதவியைத் துறந்து தம் நாட்டுக்குத் திரும்பினார்.

இவ்விருவரும் விலகியது அவரவர் உள்ளத்தின் தேடலால். அதன்பொருட்டு அவர்களையோ அரசையோ குறைகூறல் பொருந்தாது. எனினும் அவர்கள் எழுப்பிய வினாக்கள் நமக்கும் உரியவை. கற்றறிந்த மனம் ஊதியத்தோடும் பதவியோடும் நிறைவடைந்துவிடுவதில்லை. ‘நான் யார்? என் உழைப்பால் உலகுக்குப் பயன் உண்டா?’ என அது வினவும். அரசுப் பணி அவ்வினாவுக்கு விடைதரும் களமாக அமைந்தால் ஆற்றலுடையோர் அதனை நாடுவர், அமையாவிடில் விலகுவர். அதே ரமணர், தம்மைக் காணவந்த இல்லறத்தார் பலரிடம், அலுவலைத் துறக்க வேண்டுவதில்லை. ‘நான் செய்கிறேன்’ என்னும் செருக்கின்றி அதனைச் செய்வதே போதும் என்று அறிவுறுத்தினார் என்பதும் இங்கு நினையத்தக்கது.

விண்ணப்பங்கள் குறையவில்லை

அரசுப் பணிக்கு ஆள் வரவில்லை என்று எவரும் கூற இயலாது. 2024இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 6,244 பணியிடங்களுக்கு நான்காம் தொகுதித் தேர்வை அறிவித்தபோது ஏறத்தாழ 20 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமான பணிகளுக்குப் பட்டதாரிகளும் முதுநிலைப் பட்டதாரிகளும் போட்டியிடுவது நாம் அறிந்ததே.

அப்படியாயின் ஈர்க்க வேண்டிய தேவை என்ன? கூட்டம் வேறு, தேர்ந்த திறன் வேறு. மென்பொருள் வல்லுநரும் பொறியாளரும் பொருளியல் அறிஞரும் தனியார் நிறுவனங்களையும் வெளிநாடுகளையும் நாடுகின்றனர். அரசுப் பணியை நாடுவோருள் பலர் பணிப் பாதுகாப்பையே முதன்மையாகக் கருதுகின்றனர். பாதுகாப்பை விரும்புதல் குற்றமன்று; குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற ஒருவருக்கு மாத ஊதியம் என்பது மூன்று தலைமுறையின் விடியல். ஆயினும், ‘இப்பணியில் எனக்கு என்ன கிடைக்கும்?’ என்னும் வினாவோடு, ‘இப்பணியால் நான் என்ன செய்ய இயலும்?’ என்னும் வினாவும் எழும் வண்ணம் பணியை அமைப்பதே உண்மையான ஈர்ப்பாகும்.

தேர்ந்தெடுத்தலின் நெடுவரலாறு

தக்காரைத் தேர்ந்தெடுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளின் பொருட்பாலில் ‘தெரிந்துதெளிதல்’, ‘தெரிந்துவினையாடல்’ என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒருவரை ஏற்குமுன் நன்கு ஆராய வேண்டும் என்பதும், ஏற்றபின் அவரை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்பதும் அவற்றின் சாரம்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளைக் கூறுகின்றன. வயது 35க்குமேல் 70க்குள் இருத்தல் வேண்டும். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதியற்றவர். பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டுதலைத் தகுதியாக்கிய அவ்விதி இன்றும் வியக்கத்தக்கது. அதே வேளையில் நிலவுடைமையும் வேதக் கல்வியும் தகுதிகளாக வைக்கப்பட்டமையால் ஊரின் பெரும்பாலான மக்கள் அக்குடத்துக்கு வெளியே நின்றனர் என்பதையும் மறத்தலாகாது. தேர்வு முறை எத்துணை நேர்மையானதாயினும், அதன் வாயில் குறுகியதாயின் திறனின் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிடும்.

பிற்காலத்திலும் இவ்வுண்மையே வெளிப்பட்டது. 1853ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இந்தியக் குடிமைப் பணிக்குப் போட்டித் தேர்வு முறை வந்தது. முதல் தேர்வு 1855இல் இலண்டனில் நடைபெற்றது. சட்டப்படி வாயில் திறந்திருந்தது. ஆனால் அது கடலுக்கு அப்பால் இருந்தது. 1863இல் சத்யேந்திரநாத் தாகூர் அத்தேர்வில் வென்ற முதல் இந்தியரானார். இந்தியாவிலும் அத்தேர்வு நடத்தப்பெற்றது 1922இலிருந்தே. சென்னை மாகாணம் 1929இல் தனக்கெனப் பணியாளர் தேர்வாணையத்தை அமைத்துக்கொண்டது. மாகாண அளவில் இந்தியாவில் தோன்றிய முதல் தேர்வாணையம் அதுவே; இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அதன் தொடர்ச்சியாகும்.

வாயில் திறந்திருந்தும் உள்ளே செல்ல மறுத்தோரும் உண்டு. 1920இல் இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் நான்காம் இடம்பெற்ற சுபாஷ் சந்திர போஸ் அடுத்த ஆண்டே அதனின்று விலகினார். ஊதியமும் மதிப்பும் அப்பணியில் நிறைந்திருந்தன. ஆனால் எவர் பொருட்டு அப்பணி என்னும் வினாவுக்கு அவர் உள்ளம் ஏற்கும் விடை அங்கில்லை. அரசு மக்களுக்குரியதாக இருந்தால்தான் மக்களின் சிறந்த பிள்ளைகள் அதற்குப் பணிபுரிவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

> தெரியுமா?
>
> சென்னையில் பணியாற்ற வந்த இளம் ஆங்கிலேய அலுவலர்கள் மக்கள் மொழியைக் கற்பதற்காக 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. அதனை உருவாக்குவதில் முன்னின்றவர் திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை வரைந்த எல்லிஸ் ஆவார். இன்று தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்மொழித் தாளில் குறைந்தது 40 விழுக்காடு மதிப்பெண் பெறுதல் கட்டாயம் என 2021 டிசம்பரில் அரசாணை வெளியிடப்பட்டது.

வாயிலை அகலத் திறத்தல்

இன்று தேர்வு எழுதுவதற்குக் கடல் கடக்க வேண்டுவதில்லை. எனினும் பணம் ஒரு கடலாக நிற்கிறது. ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வுக்கு முதல்நிலை, முதன்மை, ஆளுமைத் தேர்வு என மூன்று படிகள் உள்ளன. இவற்றைக் கடக்க ஆண்டுக்கணக்கில் படிக்க வேண்டும். பயிற்சிக் கட்டணம், விடுதிச் செலவு, அதுவரை வருவாயின்மை ஆகிய மூன்றையும் தாங்கும் குடும்பங்கள் சில. தாங்க இயலாத குடும்பத்துப் பிள்ளை ஓராண்டு முயன்றபின் கிடைத்த வேலைக்குச் சென்றுவிடுகிறார். அவ்வாறு அரசு இழப்பது எத்தனை பேரை என எந்தப் பதிவேடும் கூறுவதில்லை.

இக்குறையைப் போக்கும் முயற்சிகளுள் ஒன்று, தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தின்கீழ் 2023இல் அறிவிக்கப்பட்ட ஊக்கத்தொகை. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வுக்குப் படிப்போருள் மதிப்பீட்டுத் தேர்வின்வழித் தெரிவுசெய்யப்படும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் பத்து மாதங்களுக்கு வழங்கப்படுகிறது; முதல்நிலைத் தேர்வில் வெல்வோர்க்கு 25,000 ரூபாய் அளிக்கப்படுகிறது. தமிழ்வழியில் பயின்றோர்க்கு மாநில அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. இவை சலுகைகள் எனச் சிலர் கருதுவர். உண்மையில் இவை திறனைத் தேடி அரசு எடுத்துவைக்கும் அடிகள்.

அவ்வாறு தேடினால் திறன் எங்கெங்கு ஒளிந்துள்ளது என்பதற்குத் திருவண்ணாமலை மாவட்டமே சான்று. இம்மாவட்டத்தின் ஜவ்வாது மலைப் பகுதியில் உள்ள புலியூரைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஸ்ரீபதி. சட்டம் பயின்ற அவர், குழந்தை பிறந்த சில நாள்களிலேயே சென்னைக்குச் சென்று, தேர்வாணையம் நடத்திய உரிமையியல் நீதிபதித் தேர்வை எழுதினார். தம் 23ஆம் வயதில் வென்றார். 2024இல் முடிவு வெளியானபோது தமிழ்நாடே அவரைப் பாராட்டியது. மலைச்சாலையில் ஊர்தி கிடைப்பதே அரிதான ஊர்களிலிருந்து தேர்வுக்கூடம் வரை வந்து சேர்வதற்கு எத்தனை தடைகள்! அவற்றை ஒருவர் தம் மனவுறுதியால் கடந்தார். அத்தடைகளைக் குறைப்பது அரசின் கடமை. வழக்கு மன்றத்தின் வாயிலில் அஞ்சி நிற்கும் மலைவாழ் பெண்ணின் மனத்தை, அம்மலையிலேயே வளர்ந்த நீதிபதியைவிட நன்கு அறிபவர் யார்?

வந்தவரைத் தக்கவைத்தல்

திறமையாளரைத் தேர்ந்தெடுத்தல் பாதி வேலை. அவர்தம் திறன் மழுங்காமல் காத்தல் மறுபாதி. நிலவியல் கற்றவர் நிலவியலோடு தொடர்பற்ற கோப்புகளிலேயே காலங்கழித்தால், அவரைத் தேர்ந்தெடுத்த பயன் வீணாகிறது. புதிய கருத்தைக் கூறும் இளைஞரிடம், ‘இதுவரை இப்படித்தான் நடந்தது’ என்னும் ஒரே விடை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டால், சில ஆண்டுகளில் அவர் கருத்துக் கூறுவதையே நிறுத்திவிடுவார். பதவியில் அவர் இருப்பார். பணியில் அவர் உள்ளம் இராது. பணிவிலகலைவிட இதுவே பேரிழப்பு.

சர்தார் வல்லபாய் படேல் இதனை உணர்ந்திருந்தார். 1949இல் அரசமைப்பு நிர்ணய மன்றத்தில் அனைத்திந்தியப் பணிகளைக் காக்க வேண்டியதன் இன்றியமையாமையை வலியுறுத்தியபோது, அலுவலர்கள் தம் கருத்தை அஞ்சாது எடுத்துரைக்கும் உரிமை பெற்றிருத்தல் வேண்டும் என்று வாதிட்டார். முடிவெடுப்பது மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் உரிமை. முடிவுக்குமுன் உண்மையை உரைப்பது அலுவலரின் கடமை. இவ்விரண்டும் மதிக்கப்படும் இடத்தில்தான் அறிவுடையோர் தங்குவர்.

பிற நாடுகளின் பட்டறிவும் நமக்குப் பயன்படும். தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில் 1951இல் அமைந்த பொதுப்பணி ஆணையம், சிறந்த மாணவர்களைப் பள்ளிப் பருவத்தின் இறுதியிலேயே இனங்கண்டு படிப்புதவித் தொகை வழங்குகிறது. பட்டம் பெற்றபின் அவர்கள் குறித்த ஆண்டுகள் அரசில் பணியாற்ற வேண்டும் என்பது உடன்பாடு. உயர்பதவிகளின் ஊதியத்தைத் தனியார் துறை வருவாயோடு ஒப்பிட்டு வரையறுக்கும் கொள்கையை அந்நாடு 1994இல் வெளியிட்டது. பொருளாதார வளமும் சிறிய பரப்பும் உடைய நாட்டில் இயல்வது அனைத்தும் இங்கு இயலாது. ஆயினும் ஒன்றை நாம் கற்கலாம். திறனாளர் தாமே வந்து சேர்வர் எனக் காத்திராமல், அரசு அவர்களைத் தேடிச் செல்லலாம்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கப்பெற்ற முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் அத்திசையிலான ஒரு முயற்சி. திருச்சிராப்பள்ளியின் பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு தேர்ந்தெடுக்கப்பட்ட 30 இளையோர் இரண்டாண்டுக் காலம் அரசின் திட்டங்களைக் களத்தில் ஆய்ந்து, அவற்றை மேம்படுத்தத் துணைநின்றனர். இது நிலையான பணியன்று. எனினும் பல்துறை அறிவுடைய இளையோர் ஆட்சியின் உள்ளியக்கத்தை அறியவும், ஆட்சி அவர்தம் புதிய நோக்கைப் பெறவும் இது வழிசெய்கிறது. ஒன்றிய அரசு 2018இல் துறை வல்லுநர்களை நேரடியாக உயர்பதவிகளில் அமர்த்த முற்பட்டபோது, இடஒதுக்கீடும் சமவாய்ப்பும் என்னாகும் என்னும் வினா எழுந்தது. அவ்வினா முறையானதே. திறனை ஈர்க்கும் எவ்வழியும் நேர்மையின் வழியாகவும் சமூகநீதியின் வழியாகவும் அமைதல் வேண்டும். ஒரு தேர்வின் நேர்மைமீது ஐயம் விழுந்தால், அடுத்த தேர்வுக்கு உண்மையான திறனாளர் வரத் தயங்குவர்.

நம் முன் நிற்கும் வினா

இதுவரை அரசின் கடமையைக் கண்டோம். மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. அரசுப் பணிக்கான ஆயத்தம் பட்டம் பெற்றபின் தொடங்குவதன்று. நாளிதழை நுணுகிப் படித்தல், தம் ஊரின் ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது என அறிதல், ஊராட்சியின் வரவுசெலவைக் கேட்டறிதல், எளிய மனிதரின் குறையைப் பொறுமையோடு கேட்டல், கேட்டதனைப் பிழையற்ற தமிழில் எழுதுதல் ஆகியன பள்ளிப் பருவத்திலேயே பழகத்தக்கவை. முதியோர் உதவித்தொகைக்காக எழுதத் தெரியாத பாட்டி ஒருவர் அலுவலகத்தில் நின்றுகொண்டிருக்கும்போது, அவருடைய மனுவை எழுதித் தரும் மாணவர் அரசுப் பணியின் முதற்பாடத்தைக் கற்றுவிட்டார்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அலுவல் காரணமாக இம்மலைக்கு வந்த ஒரு பட்டதாரி, ‘நான் யார்?’ என வினவினார். இன்று கல்லூரி வாயிலை நோக்கி நிற்கும் இளைஞர் அதனோடு மற்றொரு வினாவையும் சேர்த்துக்கொள்ளலாம்: ‘நான் யார்க்கு?’ அவ்வினாவுக்கு ‘மக்களுக்கு’ என விடை கூறுவோர் வருவதற்கு ஏற்றவாறு வாயிலைத் திறந்துவைப்பதும், வந்தபின் அவர்தம் அறிவுக்கு வேலை கொடுப்பதும் அரசின் கடன். அடுத்த முழுநிலா இரவில் ரமணாசிரமப் பகுதியைக் கடந்து செல்லும் இலட்சக்கணக்கான கால்கள் அச்சமின்றி நடப்பதும், மழைநாளில் மலைச்சரிவில் வாழும் ஒரு குடும்பம் கவலையின்றி உறங்குவதும் அவ்விரு கடன்களின் நிறைவேற்றத்தைப் பொறுத்தவையே.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் நடைபெறும் திருவிழா ஒன்றில் எந்தெந்த அரசுத் துறைகள் பங்காற்றுகின்றன என்பதைக் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக.
2. கிராம நிர்வாக அலுவலர், செவிலியர், ஆசிரியர் ஆகியோருள் ஒருவரிடம் நேர்காணல் செய்வதற்கு ஏற்ற பத்து வினாக்களை உருவாக்குக.
3. ‘அரசுப் பணிக்கு ஈர்ப்பது ஊதியமா? தொண்டுள்ளமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. பொருத்தமான இணையைத் தேர்க.
அ) 1855 – சென்னை மாகாணத் தேர்வாணையம்
ஆ) 1863 – சத்யேந்திரநாத் தாகூரின் தேர்ச்சி
இ) 1922 – இலண்டனில் முதல் போட்டித் தேர்வு
ஈ) 1929 – புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி

2. குடவோலை முறை குறித்த கல்வெட்டுகள் காணப்படும் ஊர்
அ) திருவண்ணாமலை ஆ) வேலூர் இ) உத்திரமேரூர் ஈ) செங்கம்

குறுவினா

1. உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் தகுதியின்மைகளுள் ஒன்றை எழுதுக.
2. ‘கூட்டம் வேறு, தேர்ந்த திறன் வேறு’ – விளக்குக.

சிறுவினா

1. சிவப்பிரகாசம் பிள்ளை, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோர் பணி விலகியமை உணர்த்தும் கருத்துகளை ஒப்பிடுக.
2. ஆற்றலுடையோர் பதவியில் இருந்தும் உள்ளத்தால் விலகும் சூழல் எவ்வாறு ஏற்படுகிறது?

நெடுவினா

திறன்மிக்க பட்டதாரிகளை அரசுப் பணிக்கு ஈர்க்கவும் தக்கவைக்கவும் மேற்கொள்ள வேண்டியவற்றை, பாடப்பகுதியில் உள்ள சான்றுகளோடும் உங்கள் ஊர்ச் சூழலோடும் பொருத்திக் கட்டுரைக்க.